கோணல் தையலுக்கு யார் பகை?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழ்ப்பள்ளியின் கைவினைக் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், தைக்கவும் தெரிந்தவர், இவ்விரண்டு தகுதியும் ஓர் ஆடவரிடம் சேர்ந்திருப்பது அரிது என்று மேடையில் என்னை அறிமுகப்படுத்தினார் ஒருவர். கூட்டம் சிரித்தது. ஓர் ஆண் தைப்பதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

மண்டபத்தின் நடுவே நீண்ட மேசை. பளபளக்கும் துணியில் தோகை விரித்த மயில், மணி கோத்த கைப்பை, சரிகை ஓரமிட்ட மேசை விரிப்பு என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மேசையின் கடைக்கோடியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அதில் நீல நூலால் 'பாட்டி' என்று தைத்திருந்தான் ஒரு சிறுவன். எழுத்துகள் தொடங்கிய இடத்திலிருந்து சரிந்து சரிந்து கீழ்மூலைக்கு வந்து சேர்ந்திருந்தன. நடுவெழுத்தின் புள்ளி மிளகளவு பருத்த முடிச்சாக நின்றது. திருப்பிப் பார்த்தேன். பின்புறம் முழுவதும் சிக்கல். ஓரத்தில் பழுப்பாக ஒரு சிறு கறை. விரலில் ஊசி குத்தியிருக்கிறது.

மயிலைத் தைத்ததாகச் சொல்லப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமியிடம், அலகை எந்தத் தையலால் நிரப்பினாய் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தாள். விடை தாயிடமிருந்து வந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும், முதற்பரிசை மயிலுக்கே கொடுத்தேன். சிறப்பு விருந்தினர் காத்திருந்தார்; புகைப்படம் எடுப்பவர் மயிலின் அருகே நின்றார்; கோணலான ஒரு கைக்குட்டையைத் தூக்கிப் பிடிக்கும் துணிவு எனக்கு இல்லாமற் போயிற்று. அந்தச் சிறுவன் ஒன்றும் சொல்லவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். இக்கட்டுரை அந்தப் பிழைக்கு நான் தேடும் கழுவாய் என்று கொண்டாலும் பிழையில்லை.

ஆனால், குற்றவாளிக் கூண்டில் நான் தனியாக நிற்க விரும்பவில்லை. பெற்றோர்களையும் ஆசிரியப் பெருமக்களையும் கைவினைப் பொருள் விற்போரையும் விழா நடத்தும் இயக்கத்தாரையும் உடன் நிறுத்தப் போகிறேன். குழந்தையின் கையில் ஊசியும் நூலும் கொடுப்பதாகச் சொல்கிறோம். கொடுத்த மறுகணமே பறித்துக்கொள்கிறோம். தைத்து முடிந்த பொருள்மீது நமக்கு இருக்கும் ஆசையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தைக்கின்ற பிள்ளைமீது இல்லை. அந்தக் கோணல் தையலை நாம் பிரித்தெறிகிறோம், அல்லது நம் கையால் நேராக்குகிறோம், அல்லது 'படிக்கிற நேரத்தில் இது எதற்கு?' என்று பெட்டிக்குள் பூட்டிவிடுகிறோம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே நம் சமுதாயத்தில் மிகுதி. அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

என் தாயார் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், காண்டா விளக்கொளியில் நிரைபிடித்து மரம் சீவிய கைகள் அவருடையவை. விரல் இடுக்குகளில் உறைந்த பால் உரித்தாலும் போகாது. உள்ளங்கையில் உளிக்கத்தி காய்த்துப் போட்ட தடம் இறக்கும்வரை இருந்தது. 'உன் கை என் கைபோல ஆகக்கூடாது' என்பதே அவர் எனக்குச் சொன்ன கல்விக் கொள்கை. தோட்டங்களில் பிறந்த என் தலைமுறையினர் ஏறக்குறைய எல்லாரும் இந்த வாசகத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். கையால் செய்வது அடிமைத்தனம், தாளில் எழுதுவது விடுதலை என்று நம் பெற்றோர் கண்ட கனவை நான் இகழமாட்டேன். அந்தக் கனவுதான் எங்களை லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. எனினும், அதே தாயார் இரவில் மண்ணெண்ணெய் விளக்கருகே அமர்ந்து, கோதுமை மாவுச் சாக்கைப் பிரித்து வெளுத்துத் தலையணையுறை தைப்பார். பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையலிட்டுப் போர்வை செய்வார். பெண்பிள்ளை இல்லாத வீடு. ஆகவே நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. பகலில் கூலிக்காக வருந்திய அதே கை, இரவில் தன் விருப்பத்துக்கு இயங்கியதை நான் கண்ணாரக் கண்டேன். கத்தி பிடித்த கைக்கும் ஊசி பிடித்த கைக்கும் உள்ள வேறுபாடு அதுதான். நம்மவர் கத்தியை எறிந்தபோது ஊசியையும் சேர்த்து எறிந்துவிட்டார்கள்.

இவ்விடத்தில் பகுத்தறிவாளர் ஒருவர் எழுந்து கேட்பார்: 'கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவா என்பது குலக்கல்வியின் குரல் அல்லவா?' நியாயமான கேள்வி. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் பிறரும் அதை எதிர்த்துப் போராடினர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார்; அடுத்து முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அது போகவேண்டிய திட்டமே, போனது நல்லதே. ஆனால், அதில் தீமை எது? தகப்பனின் தொழிலை மகன் தலையில் கட்டியதே தீமை. சலவைத் தொழிலாளி மகனுக்குச் சலவையும் குயவர் மகனுக்குக் குடமும் என்று பிறப்பைக் கொண்டு வகுத்ததே தீமை. நான் கேட்பது அதற்கு நேர்மாறானது. மருத்துவரின் மகனும் தைக்கட்டும். வழக்கறிஞரின் மகளும் பொத்தான் வைக்கட்டும். தையற்காரரின் பிள்ளை மட்டும் தைப்பது என்பது ஒழியட்டும். எல்லாருடைய கைக்கும் பொதுவாகிவிட்ட வேலையில் சாதி எங்கே ஒட்டும்? கைவேலையைச் சிலருடைய பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவிட்டு, நம் பிள்ளையை அதிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று பெருமைப்படும் பெற்றோரே, தம்மையறியாமல் குலக்கல்விக்கு வாழ்வளிக்கின்றனர்.

அடுத்து, நேரமில்லை என்னும் சாக்கு. நான் பணியில் இருந்த காலத்தில் யுபிஎஸ்ஆர் தேர்வைக் காட்டி இந்தச் சாக்கைச் சொன்னார்கள். 1988இல் தொடங்கிய அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, சாக்கு போயிற்றா? டியூசன் வகுப்புகளின் வாசலில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். ஆறாம் வகுப்புத் தேர்வு இன்னும் நடைபெறும் சிங்கப்பூரிலோ சொல்லவே வேண்டியதில்லை. 'என் பிள்ளை மருத்துவராக வேண்டும். ஊசி நூலோடு விளையாட நேரமேது?' என்று ஒரு தந்தை என்னிடமே கேட்டார். அவருக்கு நான் சொன்ன செய்தியை இங்கும் சொல்கிறேன். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் அறுவை மருத்துவக் கல்வித்துறைப் பேராசிரியராக இருந்த ரோஜர் நீபோன் என்பவர் 2018இல் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார். அறுவை மருத்துவம் பயில வரும் மாணவர்கள் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள். ஆனால் வெட்டவும் தைக்கவும் வேண்டிய கைத்திறன் அவர்களிடம் குறைந்து வருகிறது என்றார். சிறு வயதில் கையால் எதையாவது செய்து பழகும் வாய்ப்பு பள்ளியிலும் வீட்டிலும் சுருங்கிப்போனதே காரணம் என்று அவர் சுட்டினார். தந்தை சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, 'அப்படியானால் தையலுக்கும் ஒரு டியூசன் வைத்துவிடலாமா?' என்றார். நம் நோய் எவ்வளவு ஆழமானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கல்விக் கருத்தரங்குகளில் பின்லாந்தைப் புகழாத பேச்சாளர் இல்லை. வீட்டுப்பாடம் குறைவு, தேர்வு குறைவு என்று அடுக்குவார்கள். 1866இலேயே பொதுப்பள்ளியில் கைவினையைக் கட்டாயப் பாடமாக்கிய நாடு அது என்பதையும், இன்றும் அங்கே ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒருங்கே துணியிலும் மரத்திலும் வேலை கற்கிறார்கள் என்பதையும் ஏனோ சொல்வதில்லை. பிரீபெல் தம் குழந்தைத் தோட்டத்தில் அட்டையில் துளையிட்டு நூலோட்டச் செய்தார். மாண்டிசோரி அம்மையார் பொத்தான் பூட்டவும் நாடா முடியவும் சட்டங்கள் அமைத்துத் தந்தார். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் தக்ளி இடம்பெற்றது. இவர்கள் பெயரெல்லாம் நம் ஆசிரியர் பயிற்சிக் குறிப்பேடுகளில் உண்டு. குறிப்பேட்டை விட்டு வெளியே வரவில்லை என்பதே என் வழக்கு.

இனி, மேடையில் எழுந்த அந்தச் சிரிப்புக்கு வருவோம். கிள்ளானுக்குப் போங்கள், சிராங்கூன் சாலைக்குப் போங்கள். தையற்கடையில் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர் யார்? பெரும்பாலும் ஆடவர். தோளில் அளவுநாடா தொங்க, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, திருமண ரவிக்கைக்குக் கைவளைவு வெட்டும் அந்த அண்ணனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. கூலிக்குத் தைத்தால் அது ஆணின் தொழில்; வீட்டில் அன்புக்குத் தைத்தால் அது பெண்ணின் கடமை! இந்த வேடிக்கைக் கணக்கை வகுத்தவர் யார்? பெண்பிள்ளைக்குத் தையல் கற்பிப்பதில்கூட நமக்கு அவள்மீது அக்கறை இருந்ததில்லை. புகுந்த வீட்டுக்கு அனுப்பும் சீரில் ஒன்றாகவே அதை வைத்திருந்தோம். அதனால்தான் படித்த பெண்கள் பலர் வெறுப்போடு ஊசியைத் தூக்கியெறிந்தார்கள். அவர்களை நான் குறை கூறேன். அடுப்பங்கரைக்கான விலங்காகக் கொடுக்கப்பட்டதை அவர்கள் மறுத்தார்கள். தம்பிக்கும் தங்கைக்கும் ஒரே பாயில் ஒரே நூற்கண்டைக் கொடுத்திருந்தால், அது விலங்காகி இராது. சட்டைப் பொத்தான் அறுந்தால் மனைவி வரும்வரை காத்திருக்கும் ஐம்பது வயது ஆடவர்களை நான் அறிவேன். அவர்கள் பட்டதாரிகள். சிரிக்கத்தக்கது எது என்று படிப்பவர்களே முடிவு செய்யட்டும்.

கடைக்காரர்களை விட்டுவிடுவதாக எண்ண வேண்டாம். இன்று குழந்தைகளுக்கான தையற்பெட்டி என்று விற்கிறார்கள். திறந்தால், முன்பே வெட்டிய துணி, முன்பே இட்ட துளை, முன்பே அளந்த நூல், முன்பே ஒட்டிய கண். எந்தப் பிள்ளை செய்தாலும் அதே முயல், அதே சிரிப்பு. பிள்ளைக்கு எஞ்சியிருப்பது கட்டளைப்படி நூலை நுழைப்பது ஒன்றே. தொழிற்சாலையில் பொருள் கோக்கும் வரிசைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? பள்ளிகளில் நடப்பதும் பெரிதாக மாறுபடவில்லை. நாற்பது பிள்ளைகள், ஒரு மணி நேரம், சூடான பசைத் துப்பாக்கி ஆசிரியையின் கையில். எல்லாவற்றையும் அவரே ஒட்டி முடிக்கிறார். பிள்ளைகள் வரிசையில் நின்று தம் பெயர் எழுதிய பொருளைப் பெற்றுக்கொள்கிறார்கள். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. மறுநாள் காலை அதிகாரி வருவார், சுவர் நிறைந்திருக்க வேண்டும். ஆனால், பெற்றோருக்கு அப்படிப்பட்ட நெருக்கடி ஏதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை எந்த அதிகாரியும் வந்து பார்வையிடுவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, நான் பல பிள்ளைகளோடு செய்து பார்த்ததையே சொல்கிறேன். நான்கு வயதில் ஊசியே வேண்டா. தடித்த அட்டையில் யானையோ மீனோ வரைந்து, ஓரமெங்கும் துளையிட்டு, பழைய காலணிக் கயிற்றைக் கொடுத்தால் போதும். உள்ளே போய் வெளியே வரவேண்டும் என்ற ஒரே விதியைக் கை கற்றுக்கொள்ளும். ஆறு வயதளவில் சாக்குத்துணிக்கு வரலாம். இழைகள் அகன்று நிற்பதால் ஊசி தானே வழி கண்டுபிடிக்கும். ஓரம் பிரியாமல் இருக்க நான்கு பக்கமும் ஒட்டுநாடாவை மடித்து ஒட்டிவிடுங்கள். முனை மழுங்கிய, காது பெருத்த ஊசியும் கம்பளி நூலும் வேண்டும். நூலின் நீளத்தில்தான் பெரியவர்கள் தவறு செய்கிறார்கள். அடிக்கடி கோக்கச் சோம்பி இரண்டு முழம் விடுவார்கள், அது சிக்கிக்கொள்ளும், குழந்தை அழும், 'உனக்கு வராது' என்று முடிப்பார்கள். குழந்தை கையை நீட்டி இழுத்தால் நூல் முழுதும் வெளிவந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு விரற்கடை கூடாது. நேர்கோடு வேண்டுமானால் தேய்ந்த சவர்க்காரத் துண்டால் கோடு கிழித்துக் கொடுக்கலாம். தையற்காரர்கள் செய்வதும் அதுவே.

ஓட்டுத் தையல் கைவந்த பிறகு, நான் எப்போதும் கொடுக்கும் வேலை அஞ்சாங்கல் தைப்பது. நம் நாட்டுப் பிள்ளைகள் கல்லை வைத்து ஆடியதை, துணிப்பைகளை வைத்தும் ஆடினார்கள். சிங்கப்பூர்ப் பள்ளி முற்றங்களில் அந்த முக்கோணப் பைகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்காத சிறுமியர் ஒரு காலத்தில் அரியர். பத்து சென்டிமீட்டர் நீளமும் ஐந்து சென்டிமீட்டர் அகலமுமான வெட்டுத்துணியை, நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரண்டாக மடிக்க வேண்டும். மடிப்புக்கு இரு புறமும் உள்ள ஓரங்களைத் தைத்து, உள்வெளியாகத் திருப்பி, முக்கால் அளவுக்குப் பச்சைப் பயறு போட வேண்டும். இனி வாயை மூடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. பை மூடுவதுபோல் மூடாமல், பக்கத் தையல்கள் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொடும்படி வாயைக் குறுக்காக அழுத்தித் தைத்தால், நான்கு முகமும் நான்கு முனையும் கொண்ட கூம்புப்பை உருவாகும். தட்டையான துணி கன உருவமாக எழுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் காணவேண்டும். வடிவியல் பாடத்தை நான் அதைவிடத் தெளிவாக எக்கரும்பலகையிலும் நடத்தியதில்லை.

இந்த வேலையை நான் உயர்த்திச் சொல்வதற்குக் காரணம் வேறு. தையல் இடைவெளி விட்டிருந்தால், ஆட்டத்தின் நடுவே பயறு சிந்தும். 'நெருக்கமாகத் தை' என்று ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை. தாய் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. சிந்திய பயறே சொல்லிவிடும். அதைப் பொறுக்கிப் போட்டுத் தானே மீண்டும் தைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு ஓடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கோணலாக ஓடிய நெருக்கமான தையலில் ஒரு பயறும் சிந்தாது. கோணல் என்பது குற்றமே அன்று. அது நம் கண்ணுக்கு மட்டும் உறுத்துகிறது என்பதை அந்த ஐந்து பைகள் எனக்கே கற்பித்தன.

பொத்தான் வைப்பதை எட்டு வயதில் தொடங்கலாம். துணிக்கும் பொத்தானுக்கும் இடையே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பின் குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை நான்கைந்து முறை சுற்றி முடிச்சிட வேண்டும். பொத்தானுக்குக் கழுத்துக் கிடைக்கும். காஜாவில் எளிதாக நுழையும். ஒற்றையாக எஞ்சிய காலுறையில் வெட்டுத்துணியைத் திணித்துப் பொம்மை செய்யலாம். வாசற்கோலத்தின் புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் வைத்து, கட்டத்துக்கு ஒரு குறுக்குத் தையலாகத் துணிக்கு மாற்றலாம். பாட்டியின் சிக்குக்கோலம் இப்படி ஒட்டாது, கட்டக்கோலமே பொருந்தும். துணியே வேண்டா என்றால் தென்னங்கீற்று இருக்கிறது. அதில் நாம் தோரணம் முடைகிறோம். பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் கூடு பின்னுகிறார். அவரிடம் உங்கள் பிள்ளையை ஒரு மாலை அனுப்பிப் பாருங்கள். ஒற்றுமை பற்றி நாம் எழுதும் நூறு கட்டுரைகளுக்கு அந்த ஒரு மாலை ஈடாகும். தோரணத்தையும் பிளாஸ்டிக்கில் வாங்கி ஆண்டு முழுவதும் தொங்கவிடும் நமக்கு இதைச் சொல்ல வாய் கூசுகிறது.

ஊசி குத்திவிடாதா என்பார்கள். குத்தும். எனக்குக் குத்தியிருக்கிறது, அந்தச் சிறுவனுக்கும் குத்தியது. தைக்கும்போது அருகில் இருங்கள். எத்தனை ஊசி எடுத்தீர்களோ அத்தனையும் பெட்டிக்குத் திரும்பினவா என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். இருசக்கர வண்டியில் முன்னால் பிள்ளையை நிறுத்திக்கொண்டு, தலைக்கவசமும் இல்லாமல் நெடுஞ்சாலையில் பறக்கும் தந்தை, தையல் ஊசிக்கு அஞ்சுகிறார் என்றால், அவர் அஞ்சுவது ஊசிக்கு அன்று. உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு மணி நேரத்துக்கே அஞ்சுகிறார்.

பிள்ளைகளின் தையலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோருக்காக, நம் மண்ணில் நடந்த ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஐரோப்பியக் குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். நம்மவர் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்படவிருந்த காலம் அது. துணிப்பஞ்சத்தில் மலாயா மக்கள் சாக்கை உடுத்திய காலம். அச்சிறைக்குள் எலிசபெத் என்னிஸ் என்னும் தாதி, எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரையிலான சிறுமியரைச் சேர்த்து ஒரு சாரணியர் குழு அமைத்தார். அவருடைய பிறந்தநாளுக்காக அச்சிறுமியர் அவருக்குத் தெரியாமல் ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார்கள். கிடைத்த கந்தல்களை அறுகோணங்களாக வெட்டி, பூப்போல இணைத்து, தத்தம் பெயரையும் தைத்தார்கள். பசியோடிருந்த பிள்ளைகள் செய்த வேலை அது.

அதைக் கண்டே, பெரியவர்களும் தொடங்கினார்கள். கனடியப் பெண்மணியான எதல் மல்வேனியின் முயற்சியால், ஒவ்வொன்றிலும் அறுபத்தாறு சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள் உருவாயின. பிரித்தானிய, ஆஸ்திரேலிய, ஜப்பானியக் காயக்காரர்களுக்கென அவை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. வேறு முகாம்களில் இருந்த கணவன்மாருக்கு, 'உயிரோடிருக்கிறேன்' என்று சொல்ல அப்பெண்களுக்குக் கிடைத்த வழி அந்தத் தையல்தான். இன்று அவற்றுள் இரண்டு கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் ஒன்று பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. சாங்கிப் போர்வைகளைப் பற்றி எழுதுவோர் இந்த மூன்றையே விரித்துரைப்பார்கள். எனக்கோ, பெரியவர்களுக்கு வழிகாட்டியது பிள்ளைகளின் ஒட்டுத்துணி என்பதே பெரிதாகப் படுகிறது. அந்தச் சிறுமியரின் தையல்களை எந்த நடுவரும் அளந்து பார்க்கவில்லை. எந்தத் தாயும் பிரித்துத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால், அதில் அவர்களுடைய பெயர் எப்படி அவர்களுடையதாக இருந்திருக்கும்?

தன் பிள்ளை சின்னக் கையை விட்டு அளைந்த கூழ், பெற்றோருக்கு அமிழ்தத்தினும் சுவையுடையது என்று வள்ளுவர் கண்டதை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அதே கை தைத்த கைக்குட்டையைப் பார்வைக்கு வைக்க வெட்கப்படுகிறோம். கண்காட்சி நடத்தும் இயக்கங்களுக்கு என் வேண்டுகோள் எளியது. வீட்டில் செய்துகொண்டு வரச் சொல்லாதீர்கள். பிள்ளைகளை மண்டபத்திலேயே உட்காரவைத்து, துணியும் நூலும் கொடுத்து, இரண்டு மணி நேரம் தைக்கவிடுங்கள். பெற்றோரை வாசலுக்கு அப்பால் தேநீர் குடிக்க அனுப்புங்கள். பரிசு கொடுத்தே தீரவேண்டுமென்றால், துணியின் பின்புறத்தைப் பார்த்துக் கொடுங்கள். முன்புறம் பொய் சொல்லக்கூடும். இதை ஓர் இயக்கத்தாரிடம் நேரிலேயே சொன்னேன். 'அப்படிச் செய்தால் பொருள்கள் அழகாக இராவே, ஐயா, பத்திரிகையில் எப்படிப் போடுவது?' என்றார்கள்.

என் பேத்திக்கு இப்போது எட்டு வயது. சென்ற மாதம் என் வெள்ளைச் சட்டையில் பொத்தான் ஒன்று அறுந்தபோது, தானே வைப்பதாகப் பிடிவாதம் பிடித்தாள். வெள்ளை நூல் இருந்தும் சிவப்பு நூலைத் தேர்ந்தெடுத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. பொத்தான் தன் வரிசையைவிட்டுச் சற்றே இடப்புறம் விலகி நிற்கிறது; காஜாவுக்குள் நுழைக்கும்போது துணி சுருங்குகிறது. மருமகள் பிரித்து வைத்துத் தருவதாகக் கை நீட்டினாள். வேண்டா என்று சட்டையை வாங்கிக்கொண்டேன். இந்தத் தொகுப்புக்கான கட்டுரைகளை முடிவு செய்யும் கூட்டத்துக்கு அதை அணிந்துகொண்டுதான் போனேன். நண்பர்கள் இருவர் பொத்தானைச் சுட்டிக்காட்டினார்கள். தைத்தவர் பெயரைச் சொன்னேன்.